வெள்ளெழுத்து வந்த கண்ணும் சிவப்புப் புள்ளியும்

என் பாட்டி தைக்க உட்காரும்போதெல்லாம் ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டுவார். "கோத்துக் குடு ராசா." தானே முயன்று பார்த்துவிட்டுத்தான் தருவார். ஊசியை முகத்துக்கு நேரே பிடிப்பார், கையை நீட்டித் தள்ளிப் பிடிப்பார், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவார், நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்குவார். துளை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் பிடிபடாது. எனக்கு அது ஒரு நொடி வேலை.

போன வருடம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, ஹூஸ்டனுக்கு வடக்கே பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்சில், ஏ.ஆர்.15 ரைபிளின் பின் சைட் (குறி பார்க்கும் உறுப்பு) துளை வழியாக முன் சைட்டைத் தேடியபோது நானும் அதையேதான் செய்தேன். தலையைப் பின்னுக்கு இழுத்தேன், முன்னே தள்ளினேன், கண்ணைச் சுருக்கினேன். கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல் நிற்க வேண்டிய முனை, ஈர விரலால் தேய்த்த பென்சில் கோடு மாதிரி கலங்கிக் கிடந்தது. 100 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கு அட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு 47 வயது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனால் அது புத்தகத்துக்கும் ஃபோனுக்கும் மட்டும் உள்ள தொல்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வருடமாக, துளையும் முனையுமாக இருக்கும் இரும்பு சைட்டா (அயர்ன் சைட்), சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி சைட்டா (ரெட் டாட்) என்ற கேள்வியை என் கண்ணை வைத்தே சோதித்து வருகிறேன். எது உசத்தி என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்த பதில் கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் முதலில் சுட்டது திருச்சியில், கல்லூரி என்.சி.சி.யில். பழைய லீ என்ஃபீல்டை .22 ஆக மாற்றிய ரைபிள். 25 கஜம், படுத்த நிலை, முன்னால் மணல் மூட்டை, ஆளுக்கு 5 ரவுண்டு. அந்த 5 ரவுண்டுக்காக மூன்று வாரம் வெறும் துப்பாக்கியோடு தரையில் படுத்துப் பயிற்சி எடுத்திருப்போம். எங்களுக்குச் சொல்லித்தந்த ஹவில்தார் சார் வடக்கத்திக்காரர், தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "டார்கெட் ஓடிப் போகாது. நீ ஃபோர்சைட் டிப்பைப் பாரு." பேக்சைட் பள்ளத்தின் நடுவில் ஃபோர்சைட் முனை, முனையின் மேல் கறுப்பு வட்டம் உட்கார வேண்டும், கண் முனையில் நிற்க வேண்டும். சுட்டு முடித்து அட்டையை எடுத்து வந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்ப்பார். ஐந்து ஓட்டையும் நாணயத்துக்கு அடியில் மறைந்தால் தோளில் ஒரு தட்டு. ஒரே ஒருமுறை எனக்கு அந்தத் தட்டு கிடைத்தது. இன்னும் அந்தத் தோள் ஞாபகம் வைத்திருக்கிறது.

முனையைப் பார் என்று அவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இரும்பு சைட்டில் குறி வைக்கும்போது கண்ணுக்கு முன்னால் மூன்று பொருள் இருக்கின்றன: பின் சைட், முன் சைட், இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில். கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். அப்படியானால் எதைத் தெளிவாக வைத்துக்கொள்வது? கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். இரண்டு சைட்டுக்கும் இடையில் அரை மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். முன் முனை நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் விலகிப் போகும். இலக்கு கொஞ்சம் மங்கலாக இருந்தால் இந்த அளவு தப்பு வராது. மங்கலான வட்டத்துக்கும் நடுவைக் கண் கண்டுபிடித்துவிடும். முனை மங்கலானால்தான் அந்த ஒரு மில்லிமீட்டர் கைநழுவும்.

சைட்டுகள் நெருங்க நெருங்க இந்தத் தப்பு பெரிதாகும். 20 அங்குலக் குழல் உள்ள எம்16 வகை ரைபிளில் இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். குட்டைக் குழல் கார்பைனில் அது 37 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. அதே ஒரு மில்லிமீட்டர் அங்கே 27 சென்டிமீட்டர் ஆகிவிடும். என்னிடம் இருப்பது கார்பைன் நீளம். முனை கலங்கிய கண், நெருங்கிய சைட். மார்ச் மாதத்து அட்டையில் ஐந்து ஓட்டைகள் ஏழு அங்குலத்துக்குப் பரவிக் கிடந்ததில் ஆச்சரியமே இல்லை.

அமெரிக்காவுக்கு வந்து பதினோரு வருடம் நான் துப்பாக்கியைத் தொடவில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதை இங்குள்ள மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ரேஞ்சுக்குக் கூப்பிடும் நண்பர்களோடு கிளம்பும் முன் நம் ஆட்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் பச்சை அட்டை வந்த பிறகுதான் போனேன்.

அந்த மார்ச் சனிக்கிழமை பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் தலையை ஆமை மாதிரி நீட்டி இழுப்பதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் சுடுவதை நிறுத்தியிருந்த இடைவேளையில் அருகில் வந்து, "உனக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டதா?" என்று கேட்டார். பிறகு தன்னுடைய ரைபிளைக் காட்டி, அடுத்த சுற்றில் இதைப் பார் என்றார். அதன் மேல் சோடா பாட்டில் மூடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழல். உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி.

பார்த்தேன். அட்டை தெளிவாக இருந்தது. அட்டையின் மேல் புள்ளியும் தெளிவாக இருந்தது. கண் எதையும் தேடிக் கஷ்டப்படவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். குழலின் உள்ளே ஒரு ஓரத்தில் சின்ன எல்.இ.டி. விளக்கு இருக்கிறது. அதன் வெளிச்சம் முன்னால் இருக்கும் வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. அந்தக் கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பியனுப்பும், மற்ற நிறங்களை விட்டுவிடும். அதனால் வெளியுலகம் அப்படியே தெரிகிறது. விளக்கு அந்த வளைவின் குவியத்தில் இருப்பதால் திரும்பி வரும் கதிர்கள் இணையாக வருகின்றன. இணையாக வரும் கதிர் நட்சத்திர ஒளி போன்றது. வெகு தூரத்திலிருந்து வருகிறது என்றே கண் அதை எடுத்துக்கொள்கிறது. ஆக, புள்ளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இலக்கோடு சேர்ந்தே தூரத்தில் தெரியும். மூன்று பொருள் இருந்த இடத்தில் இப்போது ஒரே தளம். வெள்ளெழுத்து கெடுப்பது கிட்டப் பார்வையை. தூரப் பார்வைக்கு அது ஒன்றும் செய்வதில்லை. என் கண்ணில் இன்னும் நன்றாக இருக்கும் பாகத்தை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளும் சைட் இது.

இந்த யோசனை பழையது. டப்ளினில் தொலைநோக்கி செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900-இலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் விமானி பார்த்துக் குறிவைத்த ஒளிவட்டம் இந்த வழியில் வந்ததுதான். கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் ஏற்ற மாதிரி சிறிதாக, மின்கலத்தில் ஓடுவதாக அது மாற எல்.இ.டி. வர வேண்டியிருந்தது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-இல் முதல் மின்னணு ரெட் டாட்டைக் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள். அமெரிக்க ராணுவம் 1997-இல் அதே நிறுவனத்தின் சைட்டை எம்68 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது.

இடையில் நடந்த ஒன்றுதான் எனக்கு மிகப் பிடித்தது. 1970 நவம்பரில், வட வியட்நாமின் சோன் டே சிறை முகாமிலிருந்து போர்க்கைதிகளை மீட்க அமெரிக்கச் சிறப்புப் படையினர் இரவில் இறங்கினார்கள். பயிற்சியின்போது இருட்டில் இரும்பு சைட்டை வைத்துச் சரியாகச் சுட முடியவில்லை. கடைச் சரக்காகக் கிடைத்த சிங்கிள்பாயிண்ட் என்ற சைட்டை வாங்கி மாட்டினார்கள். அதன் வழியாக எதையும் பார்க்க முடியாது, குழலின் முன்பக்கம் அடைத்திருக்கும். உள்ளே புள்ளி மட்டும் தெரியும். வலது கண் புள்ளியைப் பார்க்கும், இடது கண் வெளியே இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். முகாமில் கைதிகள் இல்லை, முன்பே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். ஆனால் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக் குறி பார்க்கலாம் என்பதற்கு அந்த இரவு ஒரு சாட்சி. இன்றும் ரெட் டாட்டின் முன்மூடியைத் திறக்காமலே நீங்கள் இதைச் செய்து பார்க்கலாம். முதல் தடவை கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும்.

சரி, வாங்கினேன். 2 எம்.ஓ.ஏ. புள்ளி. ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ., 100 கஜத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். ஆக என் புள்ளி அங்கே இரண்டு அங்குல அகலத்தை மறைக்கும். என்னுடைய இரும்பு முனையோ கணக்குப் போட்டால் ஓர் அடிக்கும் மேல் மறைக்கிறது. இதைக் கேட்டவுடன் இரும்பு ஆறு மடங்கு மோசம் என்று தோன்றும். அப்படி இல்லை. இரும்பில் யாரும் முனையின் அகலத்தை இலக்கின் மேல் போட்டு மூடுவதில்லை. முனையின் மேல்விளிம்பில் கறுப்பு வட்டத்தை உட்காரவைக்கிறோம், கோலத்தின் புள்ளி கோட்டின் மேல் உட்கார்ந்த மாதிரி. விளிம்பு தெளிவாக இருந்தால் அகலம் ஒரு பொருட்டே அல்ல.

ரெட் டாட்டோடு போன முதல் நாள் எனக்குப் பெரிய ஏமாற்றம். நின்றுகொண்டு 50 கஜ அட்டையைப் பார்த்தால் புள்ளி ஓரிடத்தில் நிற்கவில்லை. வட்டத்துக்கு வெளியே போய் உள்ளே வந்து மறுபடி வெளியே போனது. இரும்பில் நான் இதைவிடப் பாறை மாதிரி நின்றேனே என்று நினைத்தேன். அது உண்மை இல்லை. என் கை எப்போதும் அவ்வளவு ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கண் முனையிலேயே குடியிருந்தபோது இலக்கின் மேல் அது அலைவதை நான் கவனிக்கவில்லை. புள்ளியும் இலக்கும் ஒரே தளத்துக்கு வந்ததும் எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. புள்ளி நடுவைத் தொடும் நொடியில் ட்ரிகரைச் சடக்கென்று பிடுங்கினேன். ஒவ்வொரு குண்டும் கீழே இடப்பக்கம் போனது. அந்த ஆசிரியர்தான், ஆட்டத்தை ஆடவிடு, நீ விரலை மட்டும் மெதுவாக அழுத்து என்றார். புள்ளி ஆடுகிற வட்டத்தைவிட ஓட்டைகளின் வட்டம் சிறிதாக வந்தது. ட்ரிகரை ரெட் டாட் அழுத்தித் தராது. மூச்சையும் அது பிடித்துத் தராது. திருச்சித் தரையில் மூன்று வாரம் படுத்துக் கற்றதுதான் இங்கும் வேலை செய்தது.

இரண்டாவது ஏமாற்றம் புள்ளியின் வடிவம். கடைக்காரர் காட்டிய படத்தில் அது குங்குமப் பொட்டு மாதிரி உருண்டையாக இருந்தது. என் வலது கண்ணுக்கு அது நெருஞ்சி முள். நாலு பக்கமும் கூர் நீட்டி, இடது கீழ்ப்பக்கம் ஒரு வால் வேறு. சைட்டில் பழுது என்று திருப்பி அனுப்பவே இருந்தேன். நல்லவேளை, அதற்கு முன் ஃபோன் கேமராவை சைட்டின் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்தேன். படத்தில் புள்ளி உருண்டை. கோளாறு என் கண்ணில், அஸ்டிக்மாட்டிசம் என்கிற சிதறல் பார்வை. உங்களுக்கும் புள்ளி நட்சத்திரமாகத் தெரிந்தால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் பாதி சரியாகும். வெளிச்ச அளவைக் குறைத்தால் இன்னும் சரியாகும். பெரும்பாலானவர்கள் புள்ளியைத் தேவைக்கு மேல் எரியவிடுகிறார்கள். இலக்கின் மேல் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்கு வெளிச்சம் போதும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுகொண்ட நாள் எனக்கு மறக்காது. மடக்கி வைத்திருந்த பின் சைட்டை நிமிர்த்தி, அதன் சின்னத் துளை வழியாக ரெட் டாட்டைப் பார்த்தேன். நெருஞ்சி முள் காணாமல் போய், ஊசியால் குத்தின மாதிரி ஒரு புள்ளி. பள்ளியில் கண்ணாடியை மறந்து போன நாட்களில் விரலை மடக்கிச் சின்னத் துளை செய்து அதன் வழியாகக் கரும்பலகையைப் படித்தவர்களுக்கு இது தெரிந்த உத்திதான். துளை சிறிதானால் கண்ணுக்குள் போகும் கதிர்கள் ஒடுங்கும், மங்கல் குறையும். இரும்புத் துளை சைட் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிப் போகும், கூடவே முன் முனைக்கும் இலக்குக்கும் கொஞ்சம் தெளிவும் சேரும். போட்டிக்குப் போன இரண்டு சைட்டும் அன்று ஒன்றுக்கொன்று கைகொடுத்ததைப் பார்த்தேன்.

அப்புறம் கண் பரிசோதகரிடம் போனேன். பல அடுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரைபிளின் மேல் கன்னத்தைப் பதித்தால் கண் லென்ஸின் மேல் ஓரம், மூக்குப் பக்கம் வழியாகப் பார்க்கும். அந்தப் பகுதி தூரப் பார்வைக்கானது. அதனால்தான் முனை கலங்கியது. கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். தூரப் பார்வை எண்ணோடு +0.5 சேர்த்து, அடுக்கில்லாத ஒரே பவர் லென்ஸ் போட்டுக் கொடுத்தார். சிலருக்கு +0.75 தேவைப்படும் என்றார். இதைச் செய்யாமல் இரும்பு சைட்டைக் கைவிட்ட நாற்பது வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்தது அக்டோபரில். ஒரே ரைபிள், ஒரே பெட்டிக் குண்டு, படுத்த நிலை, முன்னால் மூட்டை, 100 கஜம். ஐந்து ஐந்து குண்டாக மூன்று குரூப். புதுக் கண்ணாடியோடு இரும்பில் ஓட்டைகளின் பரவல் சராசரி நான்கு அங்குலம். ரெட் டாட்டில் மூன்றரை. அவ்வளவுதான் வித்தியாசம். பழைய கண்ணாடியோடு இரும்பில் வந்த ஏழு அங்குலத்தை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வேலையை லென்ஸ் கடைதான் செய்திருக்கிறது.

மாலையில் சூரியன் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் கதை மாறியது. அட்டையின் கறுப்பு வட்டத்தின் மேல் கறுப்பு முனை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வெளிச்சம் குறைந்தால் துளையும் எதிரியாகிவிடும், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது வடிகட்டிவிடும். ரெட் டாட்டில் வெளிச்சத்தை இரண்டு படி குறைத்துக்கொண்டு ரேஞ்ச் மூடும் வரை சுட்டேன். இன்னொரு நாள் ஒரு பயிற்சி வகுப்பில் 25 கஜத்தில் காகிதத் தட்டு. தாழ்த்திப் பிடித்த ரைபிளை ஒலி கேட்டதும் தூக்கிச் சுட வேண்டும். இரும்பில் எனக்கு ஒன்றரை நொடிக்கு மேல் ஆனது, ரெட் டாட்டில் ஒன்றேகால் நொடிக்குள் முடிந்தது. தலை சரியான இடத்தில் பதியாவிட்டாலும் புள்ளி கண்ணாடிக்குள் எங்காவது தெரிந்தால் போதும். இரும்பில் கன்னம் அரை அங்குலம் தள்ளிப் பதிந்தால் மொத்தக் கோடும் கெட்டுவிடும். வேகமும் மங்கல் வெளிச்சமும் கோணல் நிலையும் வருகிற இடத்தில் ரெட் டாட்டை நான் கேள்வி கேட்காமல் எடுப்பேன்.

நுட்பம் என்று வந்தால் ரெட் டாட் இரும்பை வென்றுவிட்டது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையில் 10 மதிப்பெண் தரும் இடம் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு கடுகு அதைவிடப் பெரிது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இன்று உலக மேடைகளில் சுடுவதும் துளை சைட்டால்தான். தொலைநோக்கிக்கும் ரெட் டாட்டுக்கும் அங்கே இடமில்லை. முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு துளை, நடுவில் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கிச் சரிபார்ப்பதில் மனிதக் கண்ணுக்கு அபாரத் திறமை இருக்கிறது. தேங்காயை உடைத்தவுடன் நடுவில் உடைந்ததா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறோமே, அந்தத் திறமை.

இங்கே ஒஹாயோவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் வருடாவருடம் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ராணுவ வகை ரைபிள் பிரிவில் 200, 300, 600 கஜங்களில் சுடுகிறார்கள். 600 கஜ அட்டையில் 10 வளையம் 12 அங்குலம்தான். 2015 வரை அந்தப் பிரிவில் இரும்பு சைட் மட்டும்தான். 2016-இல் விதி மாறி, 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்புக்கு, அதாவது தொலைநோக்கி சைட்டுக்கு, அனுமதி வந்தது. அங்கே சுடுபவர்களில் வயதானவர்கள் நிறைய. முனை தெரியாமல் ஒதுங்கியிருந்த கண்கள் மறுபடி வரிசைக்கு வர அந்த விதி கதவைத் திறந்தது. சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. ரெட் டாட் அங்கே அதிகம் உதவாது. அது எதையும் பெரிதாக்கிக் காட்டாது, 600 கஜத்தில் அந்தப் புள்ளி 10 வளையத்தையே மூடிவிடும்.

ரெட் டாட்டின் குறைகளில் மின்கலத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நல்ல சைட்டுகளில் அது இப்போது பெரிய பிரச்சினை இல்லை. எய்ம்பாயிண்ட்டின் சிறிய சைட்டுகளுக்கு 50,000 மணி நேரம் சொல்கிறார்கள், அணைக்காமல் விட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல். நான் முதலில் வாங்கியது அந்த ரகம் இல்லை, மலிவானது. நாற்பது ரவுண்டு தாண்டியதும் ஜீரோ, அதாவது புள்ளி காட்டும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாக வரும்படி செய்துவைத்த அமைப்பு, நகர ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் என் மூச்சையும் விரலையும் சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் சைட்டைக் கையால் அசைத்தேன், உள்ளே ஏதோ கடகடத்தது. காசு கொடுக்க வேண்டிய இடம் அது. ஒரு நல்ல ரெட் டாட்டுக்குப் பணம் சேரும் வரை இரும்போடு இருப்பது, மோசமான ரெட் டாட்டோடு இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஹூஸ்டன்காரனாக எனக்கு வேறொரு தொல்லையும் உண்டு, ஆகஸ்ட் மாதம். காரில் ஏ.சி. குளிரில் வந்த ரைபிளை உறையிலிருந்து எடுத்தவுடன், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது மாதிரி லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வேர்க்கும். கால் மணி நேரம் உறையைத் திறந்துபோட்டுக் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. இரும்புக்கு வேர்த்தாலும் கவலை இல்லை.

அதனால் என் ரைபிளில் இரண்டும் இருக்கின்றன. மடக்கு சைட்டுகளை நிமிர்த்தினால் ரெட் டாட்டின் கண்ணாடி வழியாகவே, கீழ் மூன்றில் ஒரு பாகத்தில் இரும்பு முனை தெரியும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். புள்ளியை 50 கஜத்துக்கு ஜீரோ செய்தால் குண்டு 100 கஜத்தில் ஓரிரு அங்குலம் மேலே போய், 200 கஜத்தைச் சுற்றி மறுபடி குறிக்கு வரும். இரும்பை ஜீரோ செய்யும்போது புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: முன் முனையை மேலே ஏற்றினால் குண்டு கீழே போகும். முனை உயர்ந்தால் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் குழலின் வாயைத் தாழ்த்துவீர்கள், அதனால். இரண்டு ஜீரோவும் சரியாக இருந்தால் புள்ளி போய் இரும்பு முனையின் உச்சியில் உட்காரும். ஒவ்வொரு தடவை ரேஞ்சுக்குப் போகும்போதும் முதல் வேலையாக அதைப் பார்க்கிறேன். ஏதாவது ஒன்று நகர்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

புதிதாகக் கற்பவர் எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இளம் கண்ணாக இருந்தால், அவசரம் இல்லையென்றால், .22 ரைபிளும் துளை சைட்டும். கன்னம் ஒரே இடத்தில் பதிகிறதா, சுட்ட பிறகும் கண் முனையில் நிற்கிறதா என்பதையெல்லாம் இரும்பு உடனுக்குடன் சொல்லிக் காட்டும். கண் ஒத்துழைக்காதவர்கள் நேராக ரெட் டாட்டுக்குப் போகலாம். அவர்களை இரும்பில் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவது வெறும் பிடிவாதம்.

என் மகளுக்குப் பதினாறு. இந்த ஜனவரியில் அவளும் வந்தாள். துளை சைட் மாற்றிப் போட்ட ரூகர் 10/22 என்ற .22 ரைபிளைக் கொடுத்து, 25 கஜ அட்டையின் முன் படுக்கவைத்து, ஹவில்தார் சார் சொன்னதையே சொன்னேன். அட்டை ஓடிப் போகாது, முனையைப் பார். அவள் ரொம்ப நேரம் சுடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "அப்பா, முனைல வலது பக்கம் பெயின்ட் போயிருக்கு. வெள்ளையா மின்னுது. அந்தப் பக்கம் எங்க முடியுதுன்னு தெரியல" என்றாள்.

அந்த ரைபிள் மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது. நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

அன்று அவள் சுட்ட பத்தில் ஏழு ஓட்டைகள் நடுவுக்கு ஒரே பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தன. மின்னுகிற விளிம்பு கண்ணை ஏமாற்றும். அதற்காகத்தான் போட்டிக்குப் போகிறவர்கள் முனையைப் புகை காட்டிக் கறுப்பாக்குவார்கள். வீட்டுக்கு வந்து, போல்ட்டைத் திறந்து அறை காலியாக இருப்பதை இருவரும் பார்த்த பிறகு, முன் முனையை மட்டும் கழற்றி எடுத்தேன். கராஜ் மேசையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, இடுக்கியில் பிடித்துச் சுடரின் நுனியில் காட்டினேன். விளக்குக் கரியில் மை எடுக்கும்போது படிவது மாதிரி ஒரு மெல்லிய கரிப்படலம் ஏறியது. திருப்பிப் பொருத்தி, ரைபிளைச் சுவர்ப்பக்கம் நீட்டி அவளைப் பார்க்கச் சொன்னேன்.

"இப்ப முழுக்கக் கறுப்பா இருக்குப்பா. மூலை ரெண்டும் கூரா தெரியுது."

நானும் குனிந்து துளை வழியாகப் பார்த்தேன். பிறகு அவள் சொன்னதை நம்பித் திருகாணியை முடுக்கினேன்.